அலசல் கழுவிய பதினாறு பந்துகள்

கிளப்பில் அவரை எல்லாரும் அலசல் என்றுதான் கூப்பிடுவார்கள். மனைவி பில்லியர்ட்ஸ் மேஜையில் ஆடுவதைப் பார்க்க முதன்முதலாக வந்த நாளில், டீ குடித்து முடித்த கிளாஸை அப்படியே வைக்க மனசு வராமல், குழாயடிக்குப் போய் மூன்று தடவை அலசி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திருப்திப்பட்ட பிறகே கவிழ்த்து வைத்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சும்மா விடுவார்களா? அன்றைக்கே பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அதில் வருத்தமில்லை. ஆஸ்பத்திரி லேபில் சோதனைக் குழாய்களையும் குடுவைகளையும் கழுவுவது அவருக்கு இருபத்தாறு வருட உத்தியோகம். ஒரு குழாயில் முந்தைய ஆளின் ரத்தம் துளி மிச்சமிருந்தாலும் அடுத்த ஆளுக்கு இல்லாத வியாதி வந்துவிடும், அதாவது காகிதத்தில் வந்துவிடும். அந்தப் பயத்தில் பழகிய கை, கண்ணில் பட்டதையெல்லாம் மூன்று முறை அலசும்.

அவர் மனைவி டவுன் பஸ் டிரைவர். டிரைவரம்மா என்றால் அந்த வட்டாரத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். குறுகலான சந்தில் அவர் பஸ்ஸை வளைத்து எடுக்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். ஓட்டுகிறவர் மட்டும் அடுத்த நிறுத்தத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார். டிப்போவுக்கு எதிரே கிளப். பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில், ஷிஃப்ட் முடிந்து, குடை இல்லாமல் அங்கே ஒதுங்கினார். யாரோ கையில் குச்சியைக் கொடுத்தார்கள். முதல் அடியிலேயே பந்து குழிக்குள் போய் விழுந்தது. அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துக்கொண்டது. வாரத்தில் நான்கு நாள், ஷிஃப்ட் முடிந்த கையோடு ஒரு மணி நேரம் ஆடாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அலசலும் ஒரு தடவை ஆடிப் பார்த்தார். குச்சி முனை மேஜைத் துணியைக் கிழிக்கப் பார்த்தது. அந்த ஆசைக்கு அன்றோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

பார்க்க உட்கார்ந்தவருக்கு ஆட்டம் கண்ணில் படவில்லை, பந்துதான் பட்டது. வெள்ளைப் பந்து பழைய பல்லின் நிறத்தில் இருந்தது. குச்சி முனையில் தேய்க்கும் நீல சாக்பீஸின் பொடி, ஆடுகிறவர்களின் கை வியர்வை, வறுத்த கடலை தின்ற விரல்களின் எண்ணெய், எல்லாம் சேர்ந்து பதினாறு பந்துக்கும் ஆளுக்கொரு சட்டை மாட்டிவிட்டிருந்தன.

"இதையெல்லாம் கடைசியா எப்போ கழுவினீங்க?" என்று கிளப்காரரைக் கேட்டார்.

"கழுவறதா? பந்தையா?" கிளப்காரர் சிரித்தார். "தேய்ச்சா தேய்ஞ்சு போயிடாதா? சோப்பு தேயுதுல்ல? செருப்பு தேயுதுல்ல? பந்து மட்டும் என்ன வரம் வாங்கிட்டு வந்திருக்கா?"

இது கிளப்காரரின் கொள்கை. தலைகீழாக நின்றாலும் அதை மாற்ற முடியாது. அலசல் ஒற்றைக் காலில் நின்று, கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்தார். வருடத்துக்கு ஒரே ஒரு தடவை, ஆண்டுப் போட்டிக்கு முந்தைய நாள், பந்துப் பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கழுவிக் கொண்டுவரலாம். அதற்கு மேல் ஒரு நாள் கூடக் கிடையாது.

அந்தச் சனிக்கிழமை அவருக்கு மற்ற நாளைப் போல விடியாது. சாப்பாட்டு மேஜைமேல் பழைய போர்வையை நான்காக மடித்து விரிப்பார். தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர். குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு, அதற்கு மேல் கூடாது. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் நாலே சொட்டு. தொட்டியின் அடியில் துண்டு விரித்து, ஒன்றோடொன்று மோதாமல் இரண்டிரண்டு பந்தாக இறக்குவார். கழுவி, மூன்று முறை அலசி, முட்டை வாங்கிவந்த அட்டையில் உட்காரவைத்து ஈரம் போக விடுவார். பிறகு துணிகள் வரும். எல்லாம் அவருடைய பழைய பனியன்கள், சதுரமாகக் கத்தரித்து ஓரம் தைத்தவை. துடைக்க ஒன்று, பாலிஷ் கிரீம் தடவ ஒன்று, மெருகேற்ற ஒன்று. யாராவது கைமறதியாக ஒன்றை எடுத்து மேஜை துடைத்துவிட்டால் அன்றைக்கு வீடு இரண்டுபடும். ஜன்னல் கம்பிகள் பந்தில் ஒவ்வொன்றாக எண்ணும்படி தெரிந்தால்தான் அந்தப் பந்து முடிந்தது என்று அர்த்தம். எட்டாம் நம்பர் கறுப்புப் பந்தைக் கடைசியில்தான் எடுப்பார். அதில் முகம் பார்த்து அப்பா தலை சீவிக்கொள்வார் என்று, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன மகள் இன்னும் கேலி செய்கிறாள். உண்மையிலேயே ஒரு தடவை சீவினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளப்பில் எல்லார் முன்னாலும் பெட்டி திறக்கப்படும். மூடி தூக்கியதும் கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே அலசல் அந்த ஒரு வருடமும் சோறு தின்றார் என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை. போட்டிக்கு வந்த வெளி ஆட்களும் அதைப் பார்த்தார்கள். பக்கத்து வட்டாரத்தில் இருந்த மூன்று கிளப்புகளிலிருந்தும் ஆள் வந்து, எங்கள் பந்தையும் கழுவித் தாருங்கள் என்று கேட்டார்கள். அங்கேயெல்லாம் தேய்ந்துவிடும் என்ற கொள்கை கிடையாது. மாதாமாதம் மூன்று பெட்டிகள் வந்தன. அலசலுக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

அவர் சந்தோஷத்தில் ஒரே ஒரு கல் தட்டிக்கொண்டிருந்தது. பதினாலு வருடமாக டிரைவரம்மா ஆண்டுப் போட்டியின் முதல் சுற்றைத் தாண்டியதில்லை. சாதாரண நாளில் அந்த மேஜையில் அவரை அசைக்க ஆளில்லை. போட்டி அன்று மட்டும், கண்ணை மூடிக்கொண்டு போடவேண்டிய பந்து கூடக் குழியின் உதட்டில் இடித்துத் திரும்பி வரும். "கூட்டத்தைப் பார்த்தா கை உதறுதுங்க" என்பார் அவர். அறுபது பேரை ஏற்றிக்கொண்டு சந்துகளில் பஸ் ஓட்டுகிற கை. இது என்ன கூத்து என்று அலசலுக்கும் புரியவில்லை. போட்டிக்கு முந்தைய சாயங்காலம் மனைவியின் கையைத் தன் மடியில் வைத்து விரல் விரலாக நீவிவிடுவார். "பயப்படாம ஆடும்மா, உனக்கென்ன பயம்?" என்பார். அவரால் முடிந்தது அதுவும், பந்தை இன்னும் கொஞ்சம் பளபளப்பாக்குவதும்தான்.

இந்த வருடம் அறிவிப்புப் பலகையில் கிளப்காரர் ஒரு தாள் ஒட்டினார். பத்து வருடத்துக்கு மேல் கலந்துகொண்டும் ஒரு சுற்று கூட ஜெயிக்காதவர்கள், அடுத்த வருடம் முதல் கத்துக்குட்டிப் பிரிவில் ஆடவேண்டும். பெயர் போடாத குறைதான். பத்து வருடத்துக்கு மேல் விடாமல் போட்டியில் நிற்கிற ஆள் கிளப்பிலேயே ஒருத்தர்தான். டிரைவரம்மா அதை நின்று படித்தார். வீட்டுக்கு வந்து, "போன மாசம் குச்சி பிடிச்ச காலேஜ் பசங்களோட என்னையும் நிக்க வெப்பாங்க. அப்படி ஒரு நிலைமை வந்தா நான் ஆட்டத்தையே விட்டுடுவேங்க" என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் அலசலைப் பயமுறுத்தியது. விடுகிறேன் என்று அவர் கோபமில்லாமல் சொன்னால் விட்டுவிடுவார். அந்த ஒரு மணி நேரம் இல்லாத டிரைவரம்மாவை அலசலால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

போட்டிக்கு முந்தைய நாள் பதினொரு மணிக்குத் துணிக்காரர் பந்துப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். எல்லாக் கிளப்புகளிலும் மேஜைக்குப் பச்சைத் துணி மாற்றுகிறவர் அவர்தான். அன்று காலை டிப்போ எதிர்க் கிளப்பின் மேஜைக்குப் புதுத் துணி போட்டுவிட்டு, போகிற வழியில் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். டிரைவரம்மாவுக்கு மூன்று மணி வரை ஷிஃப்ட். அலசல் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, முதல் இரண்டு பந்தை வெளியே எடுத்தார்.

துணிக்காரர் டீயை ஊதிக்கொண்டே பார்த்தார். "ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே, அண்ணே?"

"கேளுங்க."

"உங்க கிளப் ஆளுங்க மட்டும் ஏன் வருஷா வருஷம் முதல் ரவுண்டுலயே வீட்டுக்குப் போறாங்கன்னு யோசிச்சிருக்கீங்களா?"

"பயம்தான். என் வீட்டுக்காரிக்கும் அதேதானே. கை உதறுது."

"உதறலும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க கைவேலைதான்."

அலசலுக்கு அது பாராட்டா திட்டா என்று விளங்கவில்லை. துணிக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அழுக்குப் பந்து இரண்டை எடுத்துப் போர்வைமேல் ஒன்றோடொன்று உரசிக் காட்டினார்.

"அழுக்குப் பந்து முட்டறப்போ லேசா ஒட்டிப் பிடிச்சு இழுக்கும். வருஷம் பூரா அதுலயே ஆடறவங்க கை, அந்த இழுப்புக்கு ஏத்த மாதிரி பந்தை இன்னும் ஓரமா அடிக்கப் பழகிடும். அவங்களுக்கே தெரியாது. போட்டியன்னைக்கு நீங்க கண்ணாடி மாதிரி பண்ணிக் கொண்டுவந்து வெக்கறீங்க. அது இழுக்காது, வழுக்கும். பழகின கை பழகின மாதிரி ஓரமா அடிக்கும். பந்து குழியைத் தாண்டி அந்தப் பக்கம் போய் இடிக்கும்."

"அப்படியெல்லாம் இருக்காதுங்க."

"நானும் வருஷா வருஷம் நின்னு பாக்கறவன்தான். உங்க ஆளுங்க அடிக்கறது எல்லாமே ஒரே பக்கமா தப்புது. பயத்துல கை உதறினா ரெண்டு பக்கமும்தானே தப்பும்?"

அலசல் அந்த இரண்டு பந்தையும் வாங்கி, தானும் ஒரு தடவை உரசிப் பார்த்தார்.

"இதுல இன்னொரு வேடிக்கை இருக்கு" என்று துணிக்காரர் எழுந்தார். "மத்த மூணு கிளப்புக்கும் மாசாமாசம் நீங்கதானே கழுவித் தர்றீங்க? அவங்களுக்கு இந்த வழுக்கல் பழக்கம். உங்க வீட்டம்மாவைத் தோக்கடிக்க ஆளுங்களைத் தயார் பண்ணி அனுப்பறதே நீங்கதான், போங்க." சொல்லிவிட்டு, தன் நகைச்சுவையைத் தானே ரசித்தபடி படியிறங்கிப் போனார்.

அலசல் பேயறைந்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார். ஒவ்வொரு வருடமும் நடந்தது கண்முன்னால் ஓடியது. குழியின் அந்தப் பக்க உதடு. எப்போதும் அந்தப் பக்கம்தான். பதினாலு வருடம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தும் பார்க்காத கண். தோற்றது கூடப் பெரிதில்லை. 'பயப்படாம ஆடும்மா' என்று தான் சொல்லிச் சொல்லியே அவள் தன்னைப் பயந்தவளாக நினைக்கும்படி செய்துவிட்டோமே என்பதுதான் நெஞ்சைப் பிடித்தது.

சரி, இந்த வருடம் கழுவாமல் விட்டுவிட்டால்? அவளுக்குப் பழகின பந்து, பழகின கை. வெளி ஆட்களுக்குத்தான் இடறும். ஆனால் பெட்டியைத் திறந்ததும் எல்லாரும் கேட்பார்களே, என்ன சொல்வது? உடம்பு சரியில்லை என்றால் நம்புவார்களா? தண்ணீர் வரவில்லை என்றால்? இப்படியே யோசித்துக்கொண்டிருந்தவர் கீழே குனிந்து பார்த்தபோது முட்டை அட்டையில் ஒன்பது பந்துகள் ஜன்னல் கம்பிகளைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கழுவி, மூன்று முறை அலசி, கிரீம் போட்டு, மெருகும் ஏற்றியாகிவிட்டது. யோசிக்கும்போது கையைக் கட்டிப்போட்டிருக்க வேண்டும்.

ஒன்பது பளபளப்பு, ஏழு அழுக்கு. இப்படி ஒரு பெட்டியை எந்தக் கிளப்பும் பார்த்திருக்காது. வேறு வழியில்லை, கழுவியதைத் திரும்ப அழுக்காக்க வேண்டியதுதான் என்று முடிவுக்கு வந்தார். பெட்டியின் மூலையில் கிடந்த நீல சாக்பீஸைக் காய் துருவியில் துருவினார். ஒரு சொட்டுச் சமையல் எண்ணெயில் குழைத்துப் பந்தின்மேல் தடவினார். அழுக்காக்கவும் ஒரு கைப்பழக்கம் வேண்டும் போலிருக்கிறது. பூச்சு திட்டுத் திட்டாக நின்றது. பார்க்கச் சகிக்கவில்லை. சகிக்காததால் கழுவினார். மறுபடி தடவினார். மறுபடி கழுவினார். மூன்றாம் முறை தடவிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

டிரைவரம்மா காக்கிச் சட்டையோடு வாசலில் நின்றார். புருஷனின் கை முழங்கை வரை நீலம். மூக்கிலும் நீலம். பக்கத்தில் காய் துருவி.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. பந்து கழுவறேன்."

"இதுக்குப் பேர் கழுவறதா?"

கையும் களவுமாகப் பிடிபட்டவருக்கு ஒரு பொய்யும் வாயில் வரவில்லை. சும்மா இருந்திருக்கலாம். துணிக்காரர் சொன்னது அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. அலசலுக்கு அது தோன்றவே இல்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பந்து ஒட்டுவது, வழுக்குவது, மூன்று கிளப், அந்தப் பக்க உதடு. கடைசியில், "உன்னைப் பதினாலு வருஷமா தோக்கடிச்சது நான்தாம்மா. உனக்குக் கையும் உதறலை, ஒண்ணும் உதறலை" என்றார். கண்ணைத் துடைத்ததில் அங்கேயும் நீலம் ஏறியது.

டிரைவரம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கழுவிய பந்து ஒன்றை எடுத்து, மேஜைமேல் இருந்த இன்னொன்றின்மேல் உருட்டினார். அது சத்தமில்லாமல் வழுக்கிப் போனது. மறுபடி உருட்டினார்.

"பதினாலு வருஷம்" என்றார்.

"ஆமாம்மா."

"என்னைப் பயந்தாங்கொள்ளின்னு நானே நினைச்சுட்டிருந்தேன். அவசரத்துக்கு உதவாத கைன்னு. சில நாள் ஸ்டியரிங்கைப் பிடிக்கறப்போ கூட, ஒருநாள் இந்தக் கை இங்கேயும் காலை வாரிடுமோன்னு தோணும். உங்ககிட்ட சொன்னதில்ல."

அலசல் தலையைத் தூக்கவில்லை. திட்டினால் தேவலை என்றிருந்தது. ஆனால் டிரைவரம்மா சிரித்தார். முதலில் லேசாக, பிறகு அடக்க முடியாமல், மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வழுக்குதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சே! மழைக்காலத்துல பஸ் ஓட்டறதில்லையா நான்? ரோடு வழுக்கும்னு தெரிஞ்சா அதுக்குத் தகுந்த மாதிரி ஓட்டறதுதானே! முதல்ல அந்த மூஞ்சியைக் கழுவுங்க. அப்புறம் எல்லாப் பந்தையும் ஒழுங்கா கழுவுங்க. ஒண்ணு விடாம."

"அப்போ நாளைக்கு?"

"நாளைக்கு இருக்கட்டும். இன்னைக்கே இன்னும் மிச்சம் இருக்கு."

நாலு மணிக்குள் பதினாறு பந்தும் தயார். போர்வையை மேஜையின் நாலு மூலைக்கும் இழுத்துக் கட்டினார்கள். சுற்றிலும் தலையணை. ஒரு முனையில் இரண்டு டம்ளர்களைப் பந்து நுழையும் அளவு இடைவெளி விட்டு வைத்தார் அலசல், அதுதான் குழி. டிரைவரம்மா தன் குச்சியை உறையிலிருந்து எடுத்தார். எடுத்தவர் ஒரு நிமிடம் நின்றார்.

"நாளைக்கு ஆடப்போற பந்துல இன்னைக்கே ஆடிப் பாக்கறது சரிதானாங்க?"

"மத்தவங்களுக்கு வருஷம் பூரா செஞ்சு குடுத்திருக்கேன். உனக்கு ஒரு சாயங்காலம். இதுல என்ன தப்பு?"

முதல் பத்து அடியும் டம்ளருக்கு அந்தப் பக்கமே போய் விழுந்தன. அலசலுக்குக் கண்ணால் பார்க்க வேண்டிய சாட்சி இதைவிட வேறென்ன இருக்கிறது? "ஒரு நூல் உள்ளே அடிம்மா" என்றார். வழக்கமாக உரசும் ஓரத்தைவிட ஒரு நூலளவு பந்தின் நடுப்பக்கம் தள்ளி அடித்தார் டிரைவரம்மா. பந்து டம்ளரை உரசியது. இன்னும் அரை நூல். பந்து இரண்டு டம்ளருக்கும் நடுவே போய், மேஜையிலிருந்து குதித்து, தரையில் தடால் என்று விழுந்தது. பத்தாவது தடாலில் கீழ்வீட்டுக் குமாஸ்தா மேலே வந்து கதவைத் தட்டினார்.

"என்ன நடக்குது இங்கே?"

"ரிவர்ஸ் எடுக்கறேன் சார். கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று உள்ளேயிருந்து டிரைவரம்மா குரல் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்தபோது கூட்டம் வழக்கமான சத்தத்தை எழுப்பியது. அலசலுக்கு அது காதில் ஏறவில்லை. முதல் சுற்றில் டிரைவரம்மாவுக்கு எதிரே பல் டாக்டர். அடுத்த வட்டாரக் கிளப்பின் நட்சத்திரம். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு அழுக்குப் படாமல் ஆடுகிற மனுஷர். ஐந்து ஆட்டத்தில் மூன்று ஜெயிக்க வேண்டும்.

முதல் ஆட்டத்தைப் பல் டாக்டர் வலிக்காமல் பிடுங்கிக்கொண்டு போனார். டிரைவரம்மா அடித்த மூன்று பந்தும் அந்தப் பக்க உதட்டில் இடித்தன. பழகின கை லேசில் சொல் கேட்குமா? அலசல் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது ஆட்டத்தில் டிரைவரம்மா குனிந்தவர் நிமிர்ந்தார். குச்சியை மாற்றிப் பிடித்தார். மறுபடி குனிந்து, அவசரமே இல்லாமல், ஒரு நூல் உள்ளே அடித்தார். பட்டை போட்ட பதினோராம் நம்பர் குழியின் நடுவில் போய் விழுந்தது. அடுத்தது விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது. பிறகு அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. நெரிசல் நேரத்தில் நிறுத்தம் நிறுத்தமாக ஆளை இறக்கிவிட்டுப் போகிறவர் போல ஒவ்வொரு குழியாகப் போய்க்கொண்டிருந்தார். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, வரிசையாக மூன்று ஆட்டம். கறுப்புப் பந்து கடைசியாக விழுந்தபோது பல் டாக்டரே கை தட்டினார்.

கிளப்காரர் பலகையில் டிரைவரம்மாவின் பெயரை இரண்டாம் சுற்றில் எழுதினார். பதினாலு வருடத்தில் அந்தக் கட்டத்தில் அந்தப் பெயர் ஏறியதே இல்லை. எழுதி முடித்துத் திரும்பி, "என்னம்மா, பயம் தெளிஞ்சுடுச்சா?" என்று கேட்டார்.

"தெளிஞ்சுடுச்சு சார்" என்றார் டிரைவரம்மா. அலசல் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வந்தபோது சட்டை முன்பக்கமெல்லாம் நனைந்திருந்தது.

கிளப்பின் மற்ற ஆட்கள் நாலு பேரும் வழக்கம்போல முதல் சுற்றிலேயே மூட்டை கட்டிவிட்டார்கள். மிச்சம் டிப்போ மெக்கானிக் மட்டும்தான். அவருக்கு எதிரே ஆடவேண்டியவர் வயிற்று வலி என்று வராததால், குச்சியைத் தொடாமலே இரண்டாம் சுற்றுக்கு வந்திருந்தார். இரண்டாம் சுற்றில் டிரைவரம்மாவுக்கு எதிரே அவர்தான். ஆறு வருடமாக டிரைவரம்மாவின் பஸ்ஸுக்கு பிரேக் பார்க்கிறவர். நல்ல கைகாரர்.

முதல் ஆட்டம் டிரைவரம்மாவுக்கு. இரண்டாவதும் அவருக்கே. மெக்கானிக்கின் பந்து ஒவ்வொன்றும் குழியைத் தாண்டி அந்தப் பக்க உதட்டில் போய் இடித்தது. இன்னும் ஒரே ஒரு ஆட்டம் எடுத்தால் டிரைவரம்மா மூன்றாம் சுற்றில். அலசல் மனசுக்குள் மகளுக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஆட்டத்தில் மெக்கானிக் ஒரு சுலபமான பந்தைக் கோட்டைவிட்டார். நிமிர்ந்தவர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். "என்னன்னே தெரியலக்கா. கூட்டத்தைப் பார்த்தா எனக்குக் கை உதறுது" என்றார். வேலைக்காகாத ஸ்பேனரைப் பார்ப்பதுபோல அந்தக் கையைப் பார்த்தார்.

அடுத்து டிரைவரம்மாவின் முறை. அவர் ஆடவில்லை. குச்சியை மேஜையில் சாய்த்து வைத்தார்.

"உதறலை தம்பி" என்றார். கிளப்புக்கே கேட்கும்படி சொன்னார். "உன் கைக்கு ஒரு குறையும் இல்ல. பந்து சுத்தமா இருக்கு, வழுக்குது. நாம அழுக்குப் பந்துல பழகினவங்க. வழக்கமா அடிக்கறதைவிட ஒரு நூல் உள்ளே அடி. அவ்வளவுதான் விஷயம்."

மெக்கானிக் நம்பாமல் பார்த்தார். தோற்று ஓரமாக நின்றிருந்த நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிளப்காரர் வாயைத் திறந்து மூடினார். டிரைவரம்மா தன் முறையை ஆடி, ஒரு பந்தைப் போட்டு, அடுத்ததைத் தவறவிட்டார். மெக்கானிக் குனிந்தார். ஒரு நூல் உள்ளே அடித்தார். பந்து விழுந்தது. அவர் முகத்தில் வந்த சிரிப்பை அங்கே நின்ற எல்லாரும் பார்த்தார்கள்.

மூன்றாவது ஆட்டம் மெக்கானிக்குக்கு. நான்காவதும். ஐந்தாவதில் கறுப்புப் பந்து வரை இழுபறியாக வந்து, கடைசியில் அதையும் அவரே போட்டார். டிரைவரம்மா அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பெஞ்சுக்கு வந்து புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தார். குச்சியை உறையில் போட ஆரம்பித்தார்.

"ஜெயிச்சிருப்பியேம்மா" என்றார் அலசல்.

"ஜெயிச்சிருப்பேன்."

"அப்புறம் எதுக்கு அவர்கிட்ட சொன்னே?"

டிரைவரம்மா உறையின் ஜிப்பை இழுத்து மூடினார். "கை உதறுதுன்னு அவன் சொல்றான். அதைக் கேட்டுட்டு எப்படி நிக்கறது? நேத்து நீங்க வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். எனக்குத் தெரிஞ்சிருக்குமா? பதினாலு வருஷத்துல யாரும் சொல்லாததை நீங்க சொன்னீங்க. அதுவும் தப்பு உங்க மேலன்னு தெரிஞ்சும் சொன்னீங்க. நான் மட்டும் எப்படிச் சொல்லாம இருப்பேன்?"

அலசல் அழுதுவிட்டார். நட்ட நடுக் கிளப்பில், அத்தனை பேர் முன்னால், ஐம்பது வயது மனுஷர் தோள் குலுங்க அழுதார்.

"என்னங்க இது, எல்லாரும் பாக்கறாங்க" என்றார் டிரைவரம்மா. சொன்னாரே தவிர, புருஷனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மெக்கானிக் ஆடப்போகும் மூன்றாம் சுற்றைப் பார்க்க நிமிர்ந்து உட்கார்ந்தார்.